பெருங்குடல் சோதனைக்கு முதல் நாள்



தோட்டப் பள்ளியில் பணியாற்றும் எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு இன்னொரு வேலையும் உண்டு. பெற்றோர்கள் கொண்டு வரும் கடிதங்களையும் தாள்களையும் படித்துப் பொருள் சொல்வதே அந்த வேலை. அப்படி வருகிறவற்றுள் மருத்துவமனைத் தாள் ஒன்றும் அடிக்கடி இருக்கக் காண்கிறோம். மேலே 'கொலொனோஸ்கொப்பி' என்று எழுதியிருக்கும். அதன் கீழே 'தெமு ஜஞ்சி', அதாவது நாம் போக வேண்டிய தேதியும் நேரமும் இருக்கும். அதற்கும் கீழே, சோதனைக்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கும். பலரும் தேதியை மட்டும் கேட்டுக்கொண்டு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தாளில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது கடைசிப் பகுதியைத்தான். இன்றைய பேச்சு அதைப் பற்றியதே.

முதலில் இந்தச் சோதனை எது என்று பார்ப்போம். நாம் உண்ணும் உணவு இரைப்பையிலும் சிறுகுடலிலும் செரித்த பிறகு, எஞ்சிய சக்கை பெருங்குடலுக்கு வருகிறது. பெருங்குடல் என்பது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். அது வயிற்றின் வலப்பக்கத்தில் கீழே தொடங்கி, மேலே ஏறி, குறுக்காகச் சென்று, இடப்பக்கமாக இறங்கி ஆசனவாயில் முடிகிறது. சக்கையில் உள்ள நீரை உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்குவது இதன் வேலை. விரல் பருமனுள்ள, வளைந்து கொடுக்கும் ஒரு குழாயை மருத்துவர் ஆசனவாய் வழியாகச் செலுத்துகிறார். அதன் நுனியில் விளக்கும் சிறிய கேமராவும் உண்டு. குடலின் உட்சுவர் முழுவதும் திரையில் படமாகத் தெரியும். இதுவே பெருங்குடல் உள்நோக்குச் சோதனை.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்கலாம். பெருங்குடலின் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை மொட்டுகள் முளைக்கும். 'பாலிப்' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலான மொட்டுகள் தீங்கு செய்வதில்லை. சில மட்டும் மெல்ல வளர்ந்து, பத்தாண்டுகள் போலக் கழிந்து, புற்றுநோயாக மாறுகின்றன. மாறுவதற்கு முன்பே கண்டு வெட்டி எடுத்துவிட்டால் அந்த மொட்டிலிருந்து நோய் வராமலே தடுக்கலாம். 1969ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஷின்யா, உல்ஃப் என்னும் இரு மருத்துவர்கள், வயிற்றைக் கிழிக்காமல் இந்தக் குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கு ஒன்றைச் செலுத்திச் சதை மொட்டை அறுத்தெடுத்துக் காட்டினார்கள். இன்று அது நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளிலும் செய்யப்படும் சிகிச்சை. மலேசியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே முதலிடத்தில் இருக்கிறது. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

நம் மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. மலத்தோடு இரத்தம் போனால், "மூலச்சூடுதான், மோர் குடித்தால் சரியாகிவிடும்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மூலமாகவும் இருக்கலாம், ஆனால் மூலமா வேறொன்றா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் மருத்துவர் உள்ளே பார்க்க வேண்டும் என்கிறார். இன்னும் சிலருக்கு இரத்தம் கண்ணுக்குத் தெரியாது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு அரசாங்கச் சுகாதார மையமாகிய 'கிளினிக் கெசிஹாத்தானில்' சிறிதளவு மலத்தை வாங்கிச் சோதிக்கிறார்கள். அதில் மறைந்திருக்கும் இரத்தம் தென்பட்டால், அடுத்த படி இந்த உள்நோக்குச் சோதனைதான்.

இனி நம் பொருளுக்கு வருவோம். காலையில் பால் மரம் வெட்டப் போகிறவர் முதலில் என்ன செய்கிறார்? மங்கில் கிடக்கும் ஒட்டுப்பாலையும் சருகையும் எடுத்து, துடைத்துவிட்டுத்தானே அதை மரத்தில் வைக்கிறார்? சருகோடு கிடக்கும் மங்கின் அடியில் சிறு கீறல் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியுமா? குடலும் அப்படித்தான். கேமரா எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், மருத்துவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், சுவரில் மலம் ஒட்டியிருந்தால் அதன் அடியில் இருக்கும் பாசிப்பயறு அளவு மொட்டு தப்பிவிடும். மலம் அதிகமாக இருந்தால் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறொரு தேதி கொடுத்து அனுப்புவார்கள். பிறகு மறுபடியும் காத்திருப்பு, மறுபடியும் வேலை நாள் நட்டம், மறுபடியும் பேதி மருந்து. ஆகவே சோதனையில் பாதியை மருத்துவர் செய்கிறார். மறுபாதியை, அதற்கு முதல் நாளே, நாம் நம் வீட்டில் செய்கிறோம்.

தாளில் 'உபாட் சூச்சி பெருட்' என்று எழுதியிருப்பது வயிறு கழுவும் மருந்து. மருந்துக்குப் பேதி ஆவது நமக்குப் புதிதன்று. பிள்ளைகளைப் பிடித்து வைத்து விளக்கெண்ணெய் புகட்டிய பாட்டிமார்களை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதனால் சிலர், "இத்தனை லிட்டர் எதற்கு? இரண்டு கரண்டி விளக்கெண்ணெய் போதுமே" என்கிறார்கள். அது சரியன்று. விளக்கெண்ணெய் குடலை முறுக்கி வெளியேற்றும். சுவரைக் கழுவித் தெளிவாக்காது. மருத்துவமனை கொடுக்கும் தூளின் வேலை வேறு. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய முறையில் வந்தது அது. பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் அந்தப் பொருளை உடல் ஏற்பதில்லை. தான் கரைந்திருக்கும் நீரையும் உடலுக்குள் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, வாய்க்கால் நீர்போலக் குடல் முழுவதும் ஓடி, அழுக்கை அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அதனால்தான் தூளைவிட நீரின் அளவு முக்கியம். விளக்கெண்ணெயையோ நாட்டு மருந்தையோ இதற்குப் பதிலாகவும் எடுக்கக் கூடாது. இதோடு சேர்த்தும் எடுக்கக் கூடாது.

தயாரிப்பு ஒரு வாரம் முன்பே தொடங்குகிறது. நாம் அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு, தேதி வாங்கும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிச் சுவரில் ஒட்டச் செய்யும். அதைச் சுமார் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள், உண்ணாமல் இருக்கும் நாளில் மாத்திரையையும் ஊசியையும் எந்த அளவில் எடுப்பது என்று தெளிவாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்கமான அளவை வெறும் வயிற்றில் எடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு, இதய நோய், நாட்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு மருந்தின் வகையோ அளவோ மாறக்கூடும்.

அடுத்தது உணவு. சோதனைக்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்பிருந்தே சக்கை குறைந்த உணவை உண்ண வேண்டும். மற்ற நாள்களில் கீரையும் காயும் உடலுக்கு நல்லவை என்று பள்ளியில் சொல்லிக் கொடுக்கும் நாமே, இந்த இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் அவற்றை விலக்குங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கங்கோங் கீரை, முருங்கைக் கீரை, வெண்டைக்காய், கத்திரிக்காய், பருப்பு, கடலை, கொய்யா, டிராகன் பழம் ஆகியவை வேண்டாம். இவற்றின் நாரும் விதையும் தோலும் நான்கு லிட்டர் மருந்து குடித்தாலும் குடல் மடிப்புகளில் தங்கிக்கொள்ளும். குழாயின் துளையையும் அடைக்கும். வெள்ளைச் சோறு, கஞ்சி, வெள்ளை ரொட்டி, மீகூன், முட்டை, அவித்த மீன், தோல் நீக்கிய கோழி ஆகியவற்றை உண்ணலாம்.

சோதனைக்கு முதல் நாள், பெரும்பாலும் காலை வேளையிலோ நண்பகலிலோ உணவு நிறுத்தப்படும். எந்த நேரம் என்பதைத் தாள் சொல்லும். தாளில் 'புவாசா' என்றிருப்பதைப் பார்த்துச் சிலர் தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். தைப்பூசத்துக்கும் கந்த சஷ்டிக்கும் விரதம் இருந்து பழகிய நமக்குப் பசி பெரிய காரியமன்று. ஆனால் இது தண்ணீர் விடாத விரதம். மருந்து தவிரவும் நிறைய நீர் குடித்தால்தான் தலைசுற்றல் வராது.

'சேசாயிர் ஜெர்னி' என்றும் தாளில் இருக்கும். வெறும் திரவம் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தெளிந்த திரவம் என்பதே பொருள். தெளிவைக் கண்டறிய ஒரு வழி சொல்கிறோம். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, பின்பக்கம் விரலை வைத்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் அது தெளிந்த திரவம். தண்ணீர், பால் சேர்க்காத தே ஓ, கோப்பி ஓ, வடிகட்டிய பார்லி நீர், குளுக்கோஸ் நீர், எண்ணெய் நீக்கி வடித்த கோழிச்சாறு ஆகியவை ஆகும். பால், மைலோ, சோயா பால், கஞ்சி ஆகியவற்றில் விரல் தெரியாது, அவை ஆகா. ரோஜா சிரப்பில் விரல் தெரியும், இருந்தாலும் அதுவும் ஆகாது. சிவப்பும் ஊதாவும் குடலில் தங்கினால் இரத்தம் போலத் தோன்றி மருத்துவரைக் குழப்பும்.

இப்போது மருந்து. நம் நாட்டில் பரவலாகக் கொடுக்கப்படும் ஒரு வகையில், ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். மொத்தம் மூன்று பொட்டலமோ நான்கு பொட்டலமோ இருக்கும். கடையில் வாங்கும் பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றரை லிட்டர் பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அதை நிரப்பிக் கலந்தால் அளவு தவறிவிடும். ஒரு லிட்டரை அளந்து, போத்தலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் என்பது நான்கு தம்ளர். கால் மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் வீதம் குடித்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சுவை உப்புக் கலந்தும் வழவழப்பாகவும் இருக்கும்; பிடிக்காது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. குளிரவைத்துக் குடித்தால் சுவை குறைவாகத் தெரியும். உறிஞ்சு குழலை நாக்கின் பின்பகுதிக்குத் தள்ளிக் குடிக்கலாம். தம்ளருக்கும் தம்ளருக்கும் இடையே எலுமிச்சைத் துண்டை முகரலாம், வாய் கொப்பளிக்கலாம். குமட்டல் வந்தால் அரை மணி நேரம் நிறுத்தி, சிறிது நடந்துவிட்டு மெதுவாகத் தொடரலாம். நிறுத்தி வைக்கலாமே தவிர, கீழே ஊற்றிவிடக் கூடாது.

குடித்த ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ வயிறு கலக்கத் தொடங்கும். சிலருக்கு இன்னும் தாமதமாகும். அதன் பிறகு பத்து முறை போக நேரிட்டாலும் அஞ்ச வேண்டாம். அதுதான் மருந்தின் வேலை. ஒரே கழிவறை உள்ள வீட்டில் அன்று மாலை அது நோயாளிக்கே உரியது என்று எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீர் அடிக்கடி தடைப்படும் இடமாக இருந்தால் முன்பகலிலேயே தொட்டியையும் வாளிகளையும் நிரப்பி வையுங்கள். வழியில் விளக்கு எரியட்டும். தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். வயதானவர்கள் இரவில் அவசரமாக ஓடி வழுக்கி விழுவதுண்டு. கழுவிக் கழுவித் தோல் எரியும். தொடக்கத்திலேயே வாஸ்லின் தடவிக்கொண்டால் எரிச்சல் குறையும். குளிர் நடுக்கம் தோன்றினால் போர்வை போர்த்திக்கொள்ளலாம். சூடான தே ஓ குடிக்கலாம்.

குடல் சுத்தமாகிவிட்டதா என்று எப்படி அறிவது? நிறமே சாட்சி. முதலில் கட்டியாகப் போகும். பிறகு பழுப்பு நீராகும். பிறகு கலங்கிய மஞ்சளாகும். கடைசியில் சிறுநீர் போலத் தெளிந்த மஞ்சள் நீராகப் போக வேண்டும். அடி தெரிய வேண்டும். "பல முறை போய்விட்டது, போதும்" என்று எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்தக் கூடாது. தெளிந்த பிறகும் மீதி மருந்தைக் குடித்து முடிக்கவே வேண்டும். எல்லாம் குடித்தும் பழுப்பாகவே போனால் மருத்துவமனைக்குப் போனவுடன் தாதியிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் வேறு வழி செய்வார்கள்.

மருந்தைப் பாதி முதல் நாள் மாலையிலும், பாதி சோதனை நாள் விடியற்காலையிலும் குடிக்கச் சொல்வதுண்டு. இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கி வரும் பித்தநீர்க் கசடை விடியற்காலை மருந்து கழுவிவிடுகிறது. அதனால் இந்த முறையில் குடல் நன்றாகத் தெளிகிறது. நான்கு மணிக்கு எழுவது தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியா? ஆனால் தாள் குறிப்பிடும் நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர்கூட அருந்தக் கூடாது. மருத்துவமனை தொலைவில் இருந்தால் பயண நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். மாற்றுக் கைலி, துண்டு, பிளாஸ்டிக் பை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தனியே வாழும் முதியவராக இருந்தால், முதல் நாளே மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று தேதி வாங்கும்போதே கேட்டுப் பார்க்கலாம்.

சில அறிகுறிகளை மட்டும் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. வயிறு கல்லாக வீங்கி மலமும் காற்றும் போகாதிருத்தல், தாங்க முடியாத வலி, நிற்காத வாந்தி, மயக்கம், அதிகமாக இரத்தம் போதல் ஆகியவை கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவருக்குக் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றினால் சர்க்கரை நீர் கொடுக்க வேண்டும். அது விதிக்கு மாறானதன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அது வெட்கம். எங்களுக்குத் தெரிந்த பால் வெட்டுத் தொழிலாளி ஒருவர் சோதனைச் செய்தியை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "இதையெல்லாம் பெண்டு பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?" என்பது அவர் எண்ணம். வழக்கம்போல மாலையில் சோறும் கீரைக்கூட்டும் வந்தன, சாப்பிட்டார். மருந்தில் ஒரு லிட்டர் குடித்தார், குமட்டியது, மீதியைக் கால்வாயில் ஊற்றிவிட்டார். மறுநாள் எதையும் பார்க்க முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டார். இரண்டாம் தேதி வந்தபோது மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மாள் கஞ்சி காய்ச்சினார், மருந்தை அளந்தார். பள்ளிக்கு வரும் மகள் ஒவ்வொரு தம்ளருக்கும் தாளில் ஒரு கோடு போட்டாள். அன்று குடல் தெளிவாக இருந்தது. இரண்டு சதை மொட்டுகள் தெரிந்தன, அன்றே எடுக்கப்பட்டன. முதல் முறையிலும் அதே மருந்துதான், அதே மருத்துவமனைதான். வீட்டார் துணை ஒன்றுதான் புதிதாக வந்தது.

ஆகவே வீட்டுத் தலைவருக்கோ தலைவிக்கோ இந்தத் தாள் வந்தால், அது குடும்பம் முழுவதற்கும் வந்த தாள் என்று கொள்ளுங்கள். சமைப்பவருக்கு ஒரு வேலை, அளப்பவருக்கு ஒரு வேலை, மறுநாள் துணைக்குப் போகிறவருக்கு ஒரு வேலை உண்டு. துணை அவசியம், ஏனென்றால் சோதனையின்போது தூக்க ஊசி போடுவார்கள். அதன் பிறகு ஒரு நாள் முழுவதும் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. பால் வெட்டும் உளியையோ செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளையோ தொடக் கூடாது. சம்பளம் போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்கள் மருத்துவரிடம் எம்.சி. கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, வேலை செய்த ஆண்டுகளுக்கு ஏற்ப, ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. தயாரிப்பு நாளுக்கும் எம்.சி. கிடைக்குமா என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை ஒதுக்கலாம்.

கடைசியாக ஒன்று. மருத்துவமனைக்கு மருத்துவமனை மருந்தும் நேரமும் மாறுபடும். நாம் இங்கே சொன்னது விளக்கம்; உங்கள் கையில் உள்ள தாள்தான் கட்டளை. அது புரியாவிட்டால், புரியும்வரை தாதியிடம் கேளுங்கள். தாளில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழையுங்கள். படித்த பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் பசியும் ஓர் இரவுத் தூக்கமும் போகும், அது உண்மை. ஆனால் குடல் தெளிவாக இருந்து, நோய் இல்லை என்று தெரிந்தால் மனம் நிம்மதி அடையும். மொட்டு இருந்து எடுத்துவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய நோய் அன்றே தடுக்கப்படும்.